தாராபாத்திரம் சொல்லித் தந்த பாடம்

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் சிவாலயங்களில் மூலவருக்கு மேலே தாராபாத்திரம் கட்டிவிடுவார்கள். சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை, அதாவது ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை, அந்தப் பாத்திரத்தின் அடியில் உள்ள சிறு துவாரத்தின் வழியே லிங்கத் திருமேனியின் மீது நீர் துளித்துளியாக விழுந்துகொண்டிருக்கும். வெட்டிவேர், ஏலக்காய், பச்சைக் கற்பூரம் முதலிய குளிர்ச்சியான வாசனைப் பொருள்களை அந்த நீரில் சேர்ப்பதும் உண்டு. ஆண்டவனுக்கு வெப்பம் ஏது, குளிர்ச்சி ஏது? ஆயினும், 'நமக்கு இப்படிச் சுடுகிறதே, நம் தலைவனுக்கும் சுடுமே' என்று உருகிய அடியார் மனம் கண்ட வழிபாடு அது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கத்திரி வெயில் காலத்தில், பஞ்சபூதத் தலங்களுள் அக்னித் தலமாகிய திருவண்ணாமலையில் அந்தக் காட்சியைக் கண் குளிரக் கண்டேன். அன்று மாலை வீடு திரும்பியபோது கண்ட காட்சியையும் என்னால் மறக்க இயலவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. என் பிழையைச் சொல்வதில் எனக்கு வெட்கம் உண்டு. ஆனாலும் அதைப் படிக்கும் ஒரு குடும்பமாவது தன் வீட்டுக் கூண்டை ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

நாங்கள் வேலூரில் வசிக்கிறோம். மே மாதத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது எங்கள் ஊருக்குப் புதிதன்று. வாடகைக்கு எடுத்த மாடி வீடு. மேற்குப் பார்த்த பால்கனி. அதன்மேல் தகரக் கூரை. என் மகளின் எட்டாவது பிறந்த நாளுக்கு என் கணவர் இரண்டு முயல் குட்டிகளை வாங்கி வந்தார். முழு வெள்ளையாக இருந்ததற்கு 'வெண்ணெய்' என்றும், உடம்பெங்கும் கரும்புள்ளிகள் கொண்டதற்கு 'மிளகு' என்றும் அவளே பெயர் சூட்டினாள். பால்கனியின் ஒரு மூலையில் கம்பிக் கூண்டு வைத்தோம். பள்ளி விட்டு வந்ததும் அவள் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

அன்று காலை ஆறு மணிக்குக் காரில் புறப்பட்டோம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை 80 கிலோமீட்டர் தொலைவுதான். மதியம் ஒரு மணிக்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. கிளம்பும் முன் கூண்டைப் பார்த்தேன். பால்கனி முழுவதும் நல்ல நிழல், இளங்காற்று. புட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தது, புல்லும் போட்டாயிற்று. நிம்மதியாகக் கதவைப் பூட்டினேன்.

தரிசன வரிசை நீண்டது. சந்நிதியை அடைந்தபோது தாராபாத்திரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபின் "கிளம்பலாமா?" என்று என் கணவர் கேட்டார். எனக்கு எழுந்திருக்க மனமில்லை. "இத்தனை தூரம் வந்துவிட்டு உடனே ஓடவேண்டுமா?" என்றேன். அன்னதானத்தில் உணவருந்தினோம், பிராகாரத்து நிழலில் கண்ணயர்ந்தோம். வீடு வந்து சேர்ந்தபோது மணி நாலரை.

மகள்தான் முதலில் பால்கனிக்கு ஓடினாள். அவள் எழுப்பிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மேற்கு வெயில் கூண்டின்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. மேலே தகரம் அடுப்பில் ஏற்றிய தோசைக்கல் போலக் காய்ந்திருந்தது. வெண்ணெய் கூண்டின் உள் மூலையில், எஞ்சியிருந்த ஒரு சாண் நிழலில் முகத்தைப் பொதித்தபடி உயிரற்றுக் கிடந்தது. மிளகு வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. காதுகள் சிவந்திருந்தன. மோவாய் எச்சிலால் நனைந்திருந்தது. தண்ணீர்ப் புட்டியைத் தொட்டேன், கை சுட்டது. அந்த நீரை யார்தான் குடிக்க இயலும்?

பதற்றத்தில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீரை எடுத்து மிளகின் மேல் ஊற்றப்போனேன். நல்லவேளையாக என் கணவர் அதற்குள் ஒரு கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். "ஐஸ் தண்ணீர் வேண்டாம். திடீர்க் குளிர்ச்சியால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். உள்ளே இருக்கும் சூடு வெளியேறாது. அதிர்ச்சியிலேயே உயிர் போனாலும் போகலாம். வீட்டினுள் குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரால் காதுகளை நனையுங்கள். மின்விசிறியைப் போடுங்கள். வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். உடனே கிளம்பி இங்கே வாருங்கள்" என்றார்.

சாதாரணத் தண்ணீருக்கும் அன்று பஞ்சம்! மே மாத மாலையில் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவது வெந்நீர் அல்லவா? என் மாமியார் சமையலறையிலிருந்த மண்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பானைத் தண்ணீரில் தம் முந்தானையை நனைத்து மிளகின் காதுகளிலும் பாதங்களிலும் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஈரத் துணியால் மூடாமல், மின்விசிறிக் காற்றுப் படும்படி அதை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். மிளகு பிழைத்தது. இரண்டு நாள் சரியாகத் தின்னவில்லை. மூன்றாம் நாள் ஒரு கொத்தமல்லித் தழையைத் தானே இழுத்துக் கடித்தது. அன்றுதான் என் மகள் என்னுடன் பேசினாள்.

அவள் கேட்டது ஒரே கேள்வி. "சாமிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார்களே அம்மா, வெண்ணெய்க்கு நாம் ஏன் விடவில்லை?"

பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. கூண்டை நிழலில்தானே வைத்தோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டியின் மடியில் படுத்து மனுநீதிச் சோழன் கதை கேட்டு வளர்ந்தவள் நான். திருவாரூரில் தேரோட்டிச் சென்ற இளவரசன் கன்றைக் கொல்ல எண்ணவில்லை. அது குறுக்கே வந்ததை அவன் காணவுமில்லை. ஆயினும் தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தபோது, 'அறியாமல் நேர்ந்தது' என்னும் சமாதானத்தை அந்த மன்னன் ஏற்கவில்லை. பசுவுக்காவது இழுக்க ஒரு மணி இருந்தது. முயலுக்கு அதுவும் இல்லை. பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம் ஆதலால், வலியையும் தளர்ச்சியையும் இயன்றவரை மறைத்துக்கொள்வதே அதன் இயல்பு என்று மருத்துவர் சொன்னார். நாய் குரைக்கும், பூனை கத்தும், முயல் ஓசையின்றி மடிந்துபோகும்.

அந்த மருத்துவரிடம் நாங்கள் கற்றது பல. முயலுக்கு நம்மைப் போல வியர்த்து உடல் குளிர்வது கிடையாது. நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் அதற்கு நன்றாக வராது. அதன் நீண்ட காதுகளில் ஓடும் இரத்தக் குழாய்களின் வழியேதான் பெரும்பகுதி வெப்பம் வெளியேறுகிறது. சுற்றியுள்ள காற்றே உடலைவிடச் சூடாகிவிட்டால் காதுகளாலும் பயனில்லை. வீட்டு முயல்களின் மூதாதையர் ஐரோப்பாவின் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளில் வாழ்ந்த காட்டு முயல்கள். அவை வெயில் ஏறினால் நிலத்தடி வளைக்குள் போய்விடும். 15 முதல் 20 டிகிரி வரை முயலுக்கு இதமானது. 30 டிகிரியை நெருங்கும்போதே அதற்குத் துன்பம் தொடங்கிவிடும். நாம் மின்விசிறியின் கீழ் அமர்ந்து 'இன்று வெயில் பரவாயில்லை' என்று சொல்லும் நாளிலும் முயல் தவித்துக்கொண்டிருக்கலாம்.

"காட்டிலே இருந்தால் அதுவே நிழல் தேடிப் போய்விடும், அம்மா. நீங்கள் கூண்டில் வைத்துவிட்டீர்கள். இனி அதற்குப் பதிலாக நீங்கள்தான் நிழல் தேடவேண்டும்" என்றார் அவர். காலை ஆறு மணிக்கு நான் கண்ட நிழல் பொய்யில்லை. ஆனால் நிழல் நகரும், கூண்டு நகராது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் என் பிழை. ஓர் உயிர் போக அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மகளும் நானும் ஒரு வேலை செய்தோம். காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை, மணிக்கு ஒருமுறை வீட்டின் எந்தப் பகுதியில் வெயில் விழுகிறது என்று சாக்கட்டியால் தரையில் கோடு போட்டு வந்தோம். பால்கனிக்குப் பன்னிரண்டரை மணிக்கு மேல் நிழலே இல்லை. நாள் முழுதும் வெயில் படாதது கூடத்தின் வடக்கு ஓரம் ஒன்றுதான். தகரக் கூரையின் கீழே நிழல் இருப்பதாகத் தோன்றினாலும் அங்கே அனல் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதும் அன்று கையால் தொட்டு அறிந்த உண்மை. மிளகின் கூண்டு அன்றே கூடத்து வடக்கு ஓரத்துக்கு வந்தது.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றினோம். தண்ணீருக்குப் புட்டியோடு கனமான மண்சட்டி ஒன்றும் வைத்தோம். புட்டியின் குழல் சில சமயம் அடைத்துக்கொள்ளும். சட்டியிலோ மண்பானையைப் போலவே நீர் குளிர்ந்து நிற்கும். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் நீரை மாற்றுகிறோம். படுப்பதற்கு ஒரு கடப்பைக் கல் பலகையைக் கூண்டினுள் போட்டோம். வெயில் நாளில் மிளகு வயிற்றை அதன்மேல் பரப்பிக்கொண்டு கிடக்கும். ஒரு பிளாஸ்டிக் புட்டியில் நீர் நிரப்பி உறைய வைத்து, பருத்தித் துணி சுற்றி ஒரு மூலையில் வைப்போம். வேண்டுமானால் அதன் அருகே வந்து படுக்கவும், வேண்டாமென்றால் விலகிப் போகவும் இடமிருக்கவேண்டும். உணவை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் கொடுக்கிறோம். புல்லே முக்கிய உணவு. கீரைத் தழையைக் கழுவி ஈரத்தோடே சிறிது தருவோம். உதிரும் முடியை நாள்தோறும் சீவி எடுத்துவிடுகிறோம்.

இவற்றுள் என் மகள் தானே கண்டுபிடித்தது ஒன்று உண்டு. பழைய மண்கலயத்தின் அடியில் தாத்தாவின் உதவியோடு சிறு துளையிட்டு, அதில் ஒரு திரியைச் செருகினாள். சன்னலுக்கு அருகே கூண்டிலிருந்து சற்றுத் தள்ளிச் சுத்தமான சாக்கு ஒன்றைத் திரைபோலத் தொங்கவிட்டு, அதன் மேல்விளிம்பில் நீர் சொட்டும்படி கலயத்தைக் கட்டினாள். கீழே வழியும் நீருக்கு ஒரு வாளி. வெளியே அனல் காற்று வீச, ஈரச் சாக்கின் வழியே உள்ளே வரும் காற்று குளிர்ந்து வந்தது. முயலின் மேல் ஒரு சொட்டும் விழாது. எங்கள் ஊரின் வறண்ட வெயிலுக்கு இது நன்றாக உதவுகிறது. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி என்பதால் இந்த முறை அவ்வளவு பயன் தராது. அங்கே உறைந்த நீர்ப்புட்டியும் காற்றோட்டமும்தான் துணை. "இதுதான் மிளகுக்குத் தாராபாத்திரம்" என்றாள் என் மகள். என் மாமியார் அந்தக் கலயத்துக்கு விபூதிப் பட்டையே இட்டுவிட்டார்!

எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மையாரும் தம் பறவைக் கூண்டைப் பார்க்கத் தொடங்கினார். நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கும் சிறு வண்ணக் கிளிகள் அவர் வளர்ப்பவை. அவற்றுள் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகர் இனம். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே நினைவூட்டிவிடுகிறேன். 'வறண்ட நாட்டுப் பறவைதானே, வெயில் தாங்கும்' என்று நினைப்போர் உண்டு. அங்கே அவை நீர்நிலை தேடிக் கூட்டமாகப் பறந்துவிடும். இங்கே கூண்டில் எங்கே பறப்பது? அலகைத் திறந்து மூச்சு வாங்கினாலும், இறக்கைகளை உடலிலிருந்து தூக்கிப் பிடித்து நின்றாலும் அது வெப்பத்தின் அடையாளம். ஆழமில்லாத தட்டில் நீர் வைத்தால் அவை தாமே குளித்துக்கொள்ளும்.

பூசை நடக்கும் வீடுகளில் பறவை வளர்ப்போருக்கு முக்கியமான ஒரு செய்தி. பறவையின் சுவாச உறுப்புகள் மிக நுட்பமானவை. சாம்பிராணிப் புகையும் ஊதுவத்திப் புகையும் கற்பூரப் புகையும் அவற்றுக்குக் கெடுதல். வெயிலுக்கு அஞ்சிக் கதவு, சன்னல்களை அடைத்திருக்கும் நாளில் அந்தப் புகை உள்ளேயே சுழலும். பக்கத்து வீட்டில் பறவைக் கூண்டு பூசையறைக்கு அருகிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது தொலைவில் உள்ள அறைக்கு மாற்றிவிட்டார். சமையலறையும் ஆகாது. ஒட்டாத பூச்சுள்ள தவா அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் ஆவி பறவையின் உயிரையே பறித்துவிடும்.

மீன் தொட்டி வைத்திருப்போரும் கவனிக்கவேண்டும். நீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுவே அடையாளம். அதற்காக ஐஸ் கட்டியைத் தொட்டிக்குள் போட்டுவிடக் கூடாது. திடீர் மாற்றத்தை மீன் தாங்காது. தொட்டியை வெயில் படாத இடத்துக்கு மாற்றிக் காற்றுக் குழாயை இயக்கினால் போதும். ஹாம்ஸ்டர் போன்ற சிறு பிராணிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்ப்போர், அந்தப் பெட்டியின் உட்புறம் அறையைவிடச் சூடாகும் என்பதை மறக்கக் கூடாது.

கோடை போனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அதன்பின் மார்கழிப் பனி. முயல் வெப்பத்தைவிடக் குளிரை நன்றாகத் தாங்கும், உடல் ஈரமின்றி இருந்தால். ஈரமான புல்லின் மேல் இருக்க நேர்ந்தால் அடிவயிற்று முடி நனைந்து நாறும். ஈக்கள் அதில் முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மழைக்காலத்தில் படுக்கைப் புல்லை நாள்தோறும் மாற்றி, கூண்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி வைக்கிறோம். பறவைக் கூண்டை இரவில் மூன்று பக்கம் பருத்தித் துணியால் மூடி, ஒரு பக்கத்தைக் காற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். மூடிய அறையில் கரிக் கணப்பு வைப்பது மனிதருக்கும் பிராணிக்கும் ஒருசேர ஆபத்து. வெள்ளம் வரக்கூடிய பகுதியில் இருப்போர் காற்றுத் துளைகள் உள்ள ஒரு கைப்பெட்டியைத் தயாராக வைத்திருப்பது நல்லது. அவசரத்தில் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓட இயலாது.

அன்பர்களே, கோயில் யாத்திரை கிளம்பும்போது நாம் எத்தனை பட்டியல் போடுகிறோம்! தேங்காய், பழம், வஸ்திரம், நெய், மாற்றுடை, மாத்திரை. விளக்கை அணைத்தோமா, எரிவாயு அடைத்தோமா என்று இரண்டு முறை பார்க்கிறோம். வீட்டில் கூண்டோ தொட்டியோ இருந்தால் அந்தப் பட்டியலில் இன்னொரு வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்: 'நாம் திரும்ப நான்கு மணி நேரம் தாமதமானால், இங்கே யார் வந்து பார்ப்பார்கள்?' அதற்கு ஒரு பெயர் பதிலாகக் கிடைத்த பிறகே வீட்டைப் பூட்டவேண்டும். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இப்போது பக்கத்து வீட்டில் இருக்கிறது. அவர் வீட்டுச் சாவி எங்களிடம் இருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை யாரேனும் எட்டிப் பார்த்துவிடுவோம்.

சென்ற ஆண்டு அக்னி நட்சத்திரத்தின்போது மீண்டும் அருணாசலேசுவரரைத் தரிசிக்கப் புறப்பட்டோம். என் மாமியார் வரவில்லை. "நீங்கள் போய் வாருங்கள். இங்கே ஒரு கலயம் சொட்டிக்கொண்டிருக்கிறது. நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது எனக்கு ஒரு கைங்கர்யம்" என்றார். "நீங்கள் இல்லாமலா, அத்தை?" என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

சந்நிதியில் தாராபாத்திரம் அதே போலச் சொட்டிக்கொண்டிருந்தது. என் மகள் கைகூப்பி நெடுநேரம் கண்மூடி நின்றாள். "என்ன வேண்டிக்கொண்டாய்?" என்று கேட்டேன். "வெண்ணெயிடம் மன்னிப்புக் கேட்டேன்" என்றாள். நானும் மறுபடி ஒருமுறை கேட்டுக்கொண்டேன். தரிசனம் முடிந்ததும் உட்காரவில்லை. பிரசாதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

பன்னிரண்டே கால் மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தோம். கூடத்தில் ஈரச் சாக்கின் மணம் பரவியிருந்தது. மாமியார் கலயத்தில் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மிளகு கடப்பைக் கல்லின் மேல் வயிற்றைப் பரப்பி, காதுகளைப் பின்னால் சாய்த்துக்கொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. என் மகள் ஓசையின்றிப் போய் அதன் அருகே அமர்ந்தாள்.